வாங்கியவர் திருடர் அல்லர்

காசு கொடுத்து வாங்கிய சிடியிலிருந்து பாடல்களைக் கணினியில் ஏற்றி, அங்கிருந்து பென்டிரைவுக்கு மாற்றிக் காரில் போட்டுக் கேட்பது குற்றமா? நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் இதைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "சட்டப்படி பார்த்தால் குற்றம்தான். யாரும் கண்டுகொள்வதில்லை, அவ்வளவுதான்." சட்டம் படித்தவர்களே இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். திரைத்துறைக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போவார்கள். பிரதி எடுத்தாலே திருட்டுதான், அதில் சொந்த உபயோகம் என்ன, வியாபாரம் என்ன என்பார்கள். சொல்லிச் சொல்லி இது எல்லோருக்கும் தெரிந்த உண்மைபோல நிலைத்துவிட்டது.

இது உண்மை இல்லை. இந்தியாவில் இன்று நடப்பில் இருக்கும் சட்டத்துக்கே இது முரணானது. சட்டம் தெரியாமல் சொல்கிறார்கள் என்று விட்டுவிடவும் முடியாது. ஏனென்றால், உரிமை இருப்பதே தெரியாத மக்களிடமிருந்துதான் உரிமையைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ள முடியும். அது நம் கண்ணெதிரே நடந்துகொண்டிருக்கிறது.

இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்பது புரியாததல்ல. திருட்டு விசிடி தமிழ் சினிமாவை உலுக்கிய காலம் ஒன்று உண்டு. படம் வெளியான வாரத்திலேயே பேருந்து நிலையத்து நடைபாதையில் தகடு கிடைத்தது. கடன் வாங்கிப் படமெடுத்த தயாரிப்பாளர்கள் நொடித்துப்போனார்கள். 2004இல் தமிழக அரசு குண்டர் சட்டத்தைத் திருத்தி, கள்ளச்சாராயம் விற்பவர், போதைப்பொருள் கடத்துபவர் வரிசையில் திருட்டு வீடியோ தொழில் செய்பவரையும் சேர்த்தது. விசாரணை இல்லாமலே ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். அந்தக் கடுமை சரியா என்பது தனி விவாதம். ஆனால், அந்தக் காலத்துப் பிரசாரம் ஒரு தீங்கு செய்தது. ஆயிரக்கணக்கில் தகடு அடித்து விற்றவனையும், தான் வாங்கிய தகட்டுக்கு ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டவரையும் அது பிரித்துக் காட்டவே இல்லை. தகட்டின் உறையிலும் படத்தின் தொடக்கத்திலும் வந்த எச்சரிக்கை எல்லாப் பிரதியையும் ஒரே மூச்சில் தடை செய்தது. அந்த எச்சரிக்கையை எழுதியது நாடாளுமன்றம் அல்ல, தகட்டை விற்ற நிறுவனம். விற்பவர் எழுதிவைப்பதெல்லாம் சட்டமாகிவிடாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, எவையெல்லாம் உரிமை மீறல் ஆகாது என்று பட்டியல் போடுகிறது. அதன் முதல் உட்பிரிவே சொந்தப் பயன்பாட்டைப் பற்றியதுதான். ஒரு படைப்பை ஒருவர் தன் சொந்தப் பயன்பாட்டுக்காகவோ ஆராய்ச்சிக்காகவோ நியாயமான முறையில் கையாண்டால் அது மீறல் அல்ல. ஆனால் 2012 வரை இந்த வாசல் இலக்கியம், நாடகம், இசை, ஓவியம் போன்றவற்றுக்கு மட்டும்தான் திறந்திருந்தது. சட்டத்தின் பார்வையில் மெட்டு வேறு, அந்த மெட்டைப் பாடிப் பதிந்த ஒலிப்பதிவு வேறு. ஒலிப்பதிவும் திரைப்படமும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே கேசட் காலம் முழுவதும், இசைத்தட்டில் இருந்த பாட்டைத் தன் வீட்டு டேப்ரிக்கார்டரில் பதிந்துகொண்டவருக்குச் சட்டத்தில் தெளிவான பாதுகாப்பு இருக்கவில்லை. "சட்டப்படி குற்றம்தான்" என்ற பேச்சுக்கு அன்று ஓர் அடிப்படை இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

2012 மே மாதம் இரு அவைகளும் நிறைவேற்றி, ஜூன் 21 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்த அடிப்படையை எடுத்துவிட்டது. குறிப்பிட்ட சில படைப்புகள் என்றிருந்த இடத்தில், கணினி நிரல் நீங்கலாக எந்தப் படைப்பும் என்று எழுதப்பட்டது. ஒலிப்பதிவும் திரைப்படமும் உள்ளே வந்தன. அதோடு ஒரு விளக்கமும் சேர்ந்தது: இந்த நோக்கங்களுக்காக ஒரு படைப்பை மின்னணு ஊடகத்தில் சேமித்துவைப்பது மீறல் ஆகாது. ஹார்டு டிஸ்க், பென்டிரைவ், கைபேசி என்று தனித்தனியே பெயர் சொல்லவில்லையே தவிர, சொன்னது அதைத்தான். கணினி நிரலை ஏன் விலக்கினார்கள் என்று கேட்டால், அதற்குப் பக்கத்திலேயே தனி உட்பிரிவு இருக்கிறது. முறையாக நிரலை வைத்திருப்பவர், அது கெட்டுப்போனால் உதவட்டும் என்று காப்புப் பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்று அது சொல்கிறது. மென்பொருள் வாங்கியவருக்கே அந்த உரிமை உண்டு என்றால், பாட்டு வாங்கியவர் மட்டும் எப்படிக் குற்றவாளி ஆவார்?

குண்டர் சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துபவர்களுக்கும் இதுவே பதில். அந்தச் சட்டத்தின் பிடியும் பதிப்புரிமை மீறல் என்ற ஒன்றின் மேல்தான் நிற்கிறது. மீறலே இல்லாத இடத்தில் அதற்கு வேலை இல்லை.

இந்த உரிமைக்கு எல்லை உண்டு. நியாயமான முறையில் என்று சட்டம் சொல்வது வெறும் அலங்காரத்துக்கு அல்ல. மூலப் பிரதி முறையாகக் கைக்கு வந்ததாக இருக்க வேண்டும். எடுத்த பிரதியை ஊருக்கெல்லாம் அனுப்பினால் அது சொந்தப் பயன்பாடு இல்லை. பிரதியை வைத்துக்கொண்டு மூலத் தகட்டைப் பழைய கடையில் விற்பதும் நியாயமாகாது என்பது என் கருத்து. ஒரு விற்பனையில் இரண்டு பேர் பயனடையும் வழி அது. இந்த எல்லைகளை நான் மனமார ஏற்கிறேன். எல்லைக்குள் இருப்பவரைத் திருடர் என்று சொல்வதைத்தான் ஏற்க முடியாது.

இதற்கு எதிராக வழக்கமாக வைக்கப்படும் முதல் வாதம்: "நீங்கள் வாங்கியது தகட்டைத்தான், பாட்டை அல்ல. பாட்டு எங்களுடையது. அதை வேறு எதில் ஏற்றினாலும் எங்களைக் கேட்க வேண்டும்." பாதி உண்மை என்பதால் இது வலுவாகத் தெரிகிறது. பாட்டின் உரிமை வாங்கியவருக்கு வருவதில்லைதான். அதை வியாபாரம் செய்யும் உரிமை, மேடையில் ஒலிக்கவிட்டுக் காசு பார்க்கும் உரிமை எதுவும் வருவதில்லை. ஆனால், விற்றவரிடம் மிச்சமிருப்பது எல்லையில்லாத சொத்துரிமை என்று நினைப்பது பிழை. பதிப்புரிமை இயற்கையாய் வந்ததல்ல, சட்டம் வகுத்துத் தந்தது. ஒலிப்பதிவுக்கும் படத்துக்கும் 60 ஆண்டு என்று அதற்கு ஆயுள் வைத்திருக்கிறது. நிலத்துக்கோ நகைக்கோ இப்படி ஓர் ஆயுள் உண்டா? டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தின் ராமேஸ்வரி நகலகத்தின் மீது ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், 2016இல் டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி எண்ட்லா இதைத்தான் அழுத்திச் சொன்னார்: பதிப்புரிமை தெய்வம் தந்ததோ இயற்கை தந்ததோ அல்ல, படைப்பவரை ஊக்குவித்து அதன் வழியே பொதுமக்களின் அறிவை வளர்ப்பதற்கான ஏற்பாடு. அந்த வழக்கு மாணவர்களின் பாடப் பிரதிகளைப் பற்றியது, வீட்டுப் பாட்டைப் பற்றியது அல்ல. ஆனால் அடிப்படை ஒன்றுதான். 14ஆவது பிரிவு உரிமையாளருக்குத் தருவதும், 52ஆவது பிரிவு வாங்கியவருக்குத் தருவதும் ஒரே சட்டத்தின் இரு பக்கங்கள். முன்னதைச் சொத்து என்றும் பின்னதைத் தயவு என்றும் பிரித்துப் பேசுவதற்குச் சட்டத்தில் இடமில்லை.

அடுத்தது இழப்புக் கணக்கு. ஒவ்வொரு பிரதியும் ஒரு விற்பனை இழப்பு என்கிறார்கள். இந்தக் கணக்கு எத்தனை முறை தப்பியிருக்கிறது என்பதற்கு வரலாறே சாட்சி. 1981இல் பிரிட்டிஷ் இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம், வீட்டில் கேசட்டில் பதிவதால் இசையே சாகிறது என்று பெரும் இயக்கம் நடத்தியது. கேசட்டையே மண்டையோடாக வரைந்து, கீழே குறுக்கெலும்புகள் போட்ட சின்னம் அதற்கு. அடுத்த இருபது ஆண்டுகளில் இசைத்துறை அதுவரை காணாத வருவாயைச் சிடியில் கண்டது. அமெரிக்காவில் திரைப்பட நிறுவனங்களின் சங்கத் தலைவர் ஜாக் வேலன்டி, 1982இல் நாடாளுமன்றக் குழுவின் முன் வீடியோ ரிக்கார்டரை பாஸ்டன் நகரில் தனித்திருந்த பெண்களைக் கொன்ற கொலைகாரனுக்கு ஒப்பிட்டார். 1984இல் அந்தக் கருவியைத் தயாரித்த சோனி நிறுவனத்தின் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், வீட்டில் தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பதிந்து பிறகு பார்ப்பது நியாயமான பயன்பாடே என்று தீர்ப்பளித்தது. ஐந்துக்கு நான்கு என்ற ஒற்றை வாக்கில் பிழைத்த தீர்ப்பு அது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஹாலிவுட்டுக்குத் திரையரங்கு வசூலைவிட வீடியோ வருவாய் பெரிதாகிவிட்டது. அன்று ஒரு நீதிபதி மாறி வாக்களித்திருந்தால் அந்த வருவாயும் இல்லை.

இழப்பு வாதத்தின் வலுவான வடிவம் வேறொன்று. அதற்குப் பதில் சொல்லாமல் போவது நேர்மையல்ல. இசைத்தட்டில் வாங்கியதைக் கேசட்டில் மறுபடி வாங்கினார்கள், அதையே சிடியில் மூன்றாம் முறை வாங்கினார்கள். சிடி காலத்துச் செழிப்பில் இந்த மறுவிற்பனைக்குப் பெரும் பங்கு உண்டு. சொந்தப் பிரதியை அனுமதித்தால் அந்த வருமானம் போகும் என்பது உண்மைதான். ஆனால் அந்த வருமானம் எதற்கான விலை? புதிதாக ஒரு பாட்டு பிறக்கவில்லை. புதிதாக யாரும் பாடவில்லை. பழைய கருவி கடையில் கிடைக்காமல் போனதுதான் நடந்தது. கருவி வழக்கொழிவதற்குப் பாட்டு வாங்கியவரிடம் அபராதம் கேட்பதை எந்த நியாயத்தில் சேர்ப்பது? மெருகேற்றி, இரைச்சல் நீக்கி, மூல நாடாவிலிருந்து புதிதாகப் பதிந்து விற்றால் நானும் வாங்குவேன். அதில் உழைப்பு இருக்கிறது. வெறும் பெட்டி மாற்றத்துக்கு இன்னொரு விலை என்பதில் உழைப்பே இல்லை.

பிரிட்டனில் நடந்ததை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தனிப் பிரதிக்கு எதிரானவர்கள் அடிக்கடி கையில் எடுக்கும் உதாரணம் அது. 2006இல் கவர்ஸ் அறிக்கையும் 2011இல் ஹார்கிரீவ்ஸ் அறிக்கையும், வாங்கிய இசையைத் தன் சொந்தப் பயனுக்காக இன்னொரு கருவிக்கு மாற்றிக்கொள்ளச் சட்டம் இடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தன. 2014 அக்டோபர் 1 அன்று அந்த விதி நடைமுறைக்கு வந்தது. மிகக் குறுகிய விதி. முறையாக, நிரந்தரமாக வாங்கியதை மட்டும், வாங்கியவர் மட்டும், தனக்காக மட்டும் பிரதி எடுக்கலாம். வீட்டிலிருக்கும் மற்றவருக்குக்கூடத் தரக் கூடாது. அதையும் எதிர்த்து இசையமைப்பாளர் சங்கம், இசைக்கலைஞர் தொழிற்சங்கம், இசை நிறுவனங்களின் கூட்டமைப்பு மூன்றும் நீதிமன்றம் போயின. 2015 ஜூனில் நீதிபதி கிரீன் தீர்ப்பு சொன்னார். ஜூலையில் விதி ரத்தானது. இன்றுவரை அது திரும்பி வரவில்லை.

இதைக் காட்டி, பிரிட்டிஷ் நீதிமன்றமே தனிப் பிரதி தவறு என்று சொல்லிவிட்டது என்கிறார்கள். நீதிமன்றம் அப்படிச் சொல்லவில்லை. ஐரோப்பிய விதிப்படி, தனிப் பிரதியை அனுமதிக்கும் நாடு அதனால் உரிமையாளருக்கு இழப்பு ஏற்பட்டால் ஈடு தர வேண்டும். இழப்பு சொற்பம்தான், ஆகவே ஈடு தேவையில்லை என்று அரசு முடிவெடுத்தது. அந்த முடிவுக்கு அரசு காட்டிய சான்றுகள் போதவில்லை என்பதுதான் தீர்ப்பு. அரசு வீட்டுப்பாடத்தைச் சரியாகச் செய்யாததற்கு, சிடி வாங்கிய மக்கள் மறுபடி சட்டத்தை மீறியவர்கள் ஆனார்கள். இதில் தமிழர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. லண்டனிலிருந்து ஐங்கரன் நிறுவனம் வெளியிட்ட தமிழ்ப் பட டிவிடிகள் புலம்பெயர்ந்த வீடுகளில் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. அதே தகட்டைச் சென்னையில் தனக்கெனப் பிரதி எடுத்தால் மீறல் இல்லை. லண்டனில் எடுத்தால் மீறல். இலங்கையின் 2003ஆம் ஆண்டு அறிவுசார் சொத்துச் சட்டமும், முறையான பிரதியிலிருந்து தன் சொந்தத் தேவைக்கு ஒரு பிரதி எடுக்கத் தனிமனிதருக்கு இடம் தருகிறது. ஒரே குடும்பம் மூன்று நாடுகளில் இருந்தால், ஒரே செயலுக்கு மூன்று இடத்தில் மூன்று விதி. திருட்டு எந்த நாட்டிலும் திருட்டுதான். இது நாட்டுக்கு நாடு மாறுகிறது என்பதே, இது வேறு வகையைச் சேர்ந்தது என்பதைக் காட்டவில்லையா?

இழப்பு உண்மையிலேயே இருக்கிறதென்றால் அதை ஈடு செய்யவும் வழி உண்டு. ஜெர்மனி 1965லேயே அதைச் செய்தது. வீட்டில் பிரதி எடுப்பதை அனுமதித்து, பதிவுக் கருவியின் விலையில் ஒரு சிறு தொகையைச் சேர்த்து வசூலித்துக் கலைஞர்களுக்குப் பகிர்ந்தது. 1985இல் வெற்று நாடாவுக்கும் அதை நீட்டித்தது. கனடாவும் 1997இல் அந்த வழிக்கு வந்தது. இந்தியாவுக்கு இது இப்போது வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிரதியே எடுக்காதவரும் பென்டிரைவுக்கு அதிக விலை தர வேண்டியிருக்கும் என்பது ஒரு குறை. வசூலாகும் பணம் பாட்டெழுதியவர் கைக்குப் போய்ச் சேரும் என்று நம்பும் அளவுக்கு நம் வசூல் அமைப்புகள் இன்னும் வளரவில்லை. ஆனால் ஒரு நாடு அறுபது ஆண்டுகளாக இப்படி நடத்திக்கொண்டிருக்கிறது, அங்கே இசை சாகவில்லை.

கலைஞர் வயிற்றில் அடிக்காதீர்கள் என்பது மனதைத் தொடும் வாதம். கலைஞருக்குச் சேர வேண்டியது சேர வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அந்த வாதத்தை முன்வைத்தவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். பல பத்தாண்டுகளாக நம் திரையிசையில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ஒருமுறை ஒரு தொகை. அதோடு எல்லா உரிமையையும் எழுதி வாங்கிக்கொள்வதுதான் வழக்கமாக இருந்தது. பாட்டு நாற்பது ஆண்டு ஓடினாலும் அவர்களுக்கு ஒன்றுமில்லை. இதை மாற்றியதும் அதே 2012 திருத்தம்தான். மாநிலங்களவை உறுப்பினராக இருந்த பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் அதற்காகப் போராடினார். திரையரங்கில் படத்தோடு ஒலிப்பது நீங்கலாக மற்ற பயன்பாடுகளுக்கு, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டியில் சம பங்கு பெறுவார்கள், அந்தப் பங்கை யாரும் எழுதி வாங்கிக்கொள்ள முடியாது என்று சட்டம் வந்தது. படைத்தவருக்கு ராயல்டியை உறுதி செய்த நாடாளுமன்றம், அதே கையால் கேட்பவருக்குச் சொந்தப் பிரதியையும் அனுமதித்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று பகை என்று அது நினைக்கவில்லை. ராயல்டியைத் தர மறுத்தவர்கள் யார், பிரதி எடுத்தவர்கள் யார் என்று கலைஞர்களுக்குத் தெரியும்.

இன்னொரு வாதமும் உண்டு. இன்று சொந்தப் பிரதி, நாளை இணையத்தில் கசிவு என்பார்கள். தமிழ்ப் படங்களைப் பொறுத்தவரை இது நடப்புக்கே பொருந்தாது. தமிழ்ராக்கர்ஸ் போன்ற கும்பல்கள் தயாரிப்பாளரை அடித்தது படம் வெளியான முதல் நாட்களில். திரையரங்கில் கேமராவில் பிடித்தது, தயாரிப்புக்குப் பிந்தைய வேலையிலோ விநியோகத்திலோ கசிந்தது என்று அந்தப் பிரதிகள் வந்த வழி அதுதான். அப்போது யாரும் டிவிடி வாங்கியே இருக்க முடியாது, அது வெளிவந்திருக்காது. திரையரங்கில் படம் பிடிப்பதற்கு 2023ஆம் ஆண்டு ஒளிப்பதிவுச் சட்டத் திருத்தம் மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், தயாரிப்புச் செலவில் ஐந்து விழுக்காடு வரை அபராதமும் வைத்திருக்கிறது. குறி சரியான இடத்தில் இருக்கிறது, நான் அதை எதிர்க்கவில்லை. கசியவிட்டவனைப் பிடிக்க வக்கில்லாமல், காசு கொடுத்து வாங்கிய ஒரே கூட்டத்தை மிரட்டுவதைத்தான் எதிர்க்கிறேன்.

இப்போது புதிதாக ஒன்று சொல்கிறார்கள்: "எல்லாம் ஸ்ட்ரீமிங்கில் இருக்கிறதே, இந்தக் காலத்தில் பிரதி எதற்கு?" இந்தப் பேச்சுத்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. சொல்பவர்கள் இளைஞர்கள். அவர்கள் மாதச் சந்தா கட்டுகிறார்கள். கட்டும்வரை எல்லாம் இருக்கும் என்று நம்புகிறார்கள்.

இருக்காது. 2012 தொடக்கத்தில் ஃப்ளிப்கார்ட், ஃப்ளைட் என்ற பெயரில் பாட்டு விற்கும் கடை ஒன்றைத் திறந்தது. பிரதி எடுப்பதைத் தடுக்கும் பூட்டு எதுவும் இல்லாத எம்பி3 கோப்புகள், நியாயமான விலை. இந்தியாவில் முறையாகப் பாட்டு வாங்க நினைத்தவர்களுக்கு அது நல்ல காலம். 2013 ஜூனில் கடையை மூடினார்கள். வாங்கிய பாடல்களை இறக்கிக்கொள்ள ஆகஸ்ட் வரை அவகாசம் தந்தார்கள். இறக்கிப் பிரதி எடுத்துவைத்தவர்களிடம் அந்தப் பாடல்கள் இன்றும் இருக்கின்றன. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தவர்களுக்குக் கொடுத்த காசும் போயிற்று, பாட்டும் போயிற்று. 2022இல் சோனி தன் பிளேஸ்டேஷன் கடையில் ஜெர்மனி, ஆஸ்திரிய வாடிக்கையாளர்கள் விலைக்கு வாங்கியிருந்த, ஸ்டுடியோகனால் என்ற நிறுவனத்தின் படங்களை, உரிம ஒப்பந்தம் முடிந்தது என்று சொல்லி அவர்களுடைய நூலகத்திலிருந்து எடுத்தது. வாடகைக்கு எடுத்தவை அல்ல, வாங்கியவை. 2023 மார்ச்சில் ஸ்பாட்டிஃபைக்கும் ஜீ மியூசிக்குக்கும் உரிமப் பேச்சில் ஒத்துவராததால், பெயர்பெற்ற இந்தித் திரைப்பாடல்கள் கூட்டம் கூட்டமாக மறைந்தன. பட்டியலில் பெயர் மங்கலாகத் தெரியும், தொட்டால் பாடாது. அடுத்த ஆண்டு விங்க் மியூசிக்கை மூடப்போவதாக ஏர்டெல் அறிவித்தது.

தகடு வைத்திருப்பவர் நிலையும் பிரதி இல்லாமல் நிம்மதியானதல்ல. மோசர் பேயர் 2006 வாக்கில் பட விற்பனையில் இறங்கி விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றது. திருட்டுத் தகட்டின் விலைக்கே அசல் தகடு. நூற்றுக்கணக்கான தமிழ்ப் படங்களை நடுத்தர வீடுகள் முதல் தடவையாக முறையாக வாங்கியது அப்போதுதான். திருட்டை ஒடுக்குவதில் எந்தக் குண்டர் சட்டத்தையும்விட அந்த விலை அதிகம் உதவியிருக்கும் என்று நான் நம்புகிறேன். அந்த நிறுவனத்தைக் கலைக்க 2018இல் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. தகடுகள் நம் ஊர் ஈரக் காற்றில் கெட்டுக்கொண்டிருக்கின்றன. அலுமினியப் பூச்சு ஆக்சிஜனேற்றம் அடைந்தால் ஓட்டை ஓட்டையாகி ஒளி தாண்டிப்போகும், படம் நின்றுவிடும். புது மடிக்கணினியில் தகடு போடவே இடமில்லை. வீடியோ கேசட் ஓட்டும் கருவியைத் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016லேயே உற்பத்தியை நிறுத்திவிட்டது. 34 ரூபாய் கொடுத்தவர் இப்போது யாரிடம் போய் அனுமதி கேட்பார்? அந்தப் படம் எந்தத் தளத்திலும் இல்லை என்றால், அவர் எடுத்துவைக்கும் பிரதி ஒன்றுதான் அவருக்கு மிஞ்சும் படம்.

தனி மனிதர்கள் எடுத்த பிரதி ஒரு கலையையே காப்பாற்றிய கதைகளும் உண்டு. பிபிசி நிறுவனம் 1960கள், 70களில் நாடாவை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று தன் நிகழ்ச்சிகளைத் தானே அழித்தது. டாக்டர் ஹூ தொடரின் பல பகுதிகளின் படம் அப்படிப் போனது. ஆனால் தொலைந்த பகுதி ஒவ்வொன்றின் ஒலியும் இன்று முழுமையாகக் கிடைக்கிறது. காரணம், அந்தக் காலத்துச் சிறுவர்கள் சிலர் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன் டேப்ரிக்கார்டரை வைத்துப் பதிந்துவைத்திருந்தார்கள். சட்டம் அவர்களை அனுமதிக்கவில்லை. பிற்பாடு அந்த ஒலிகளைத் துலக்கி வெளியிட்டு விற்றது பிபிசியேதான். உரிமையாளர்தான் நல்ல காவலர் என்ற நம்பிக்கைக்கு நம் ஊரிலும் ஆதாரம் குறைவு. 1931இல் வெளியான முதல் தமிழ்ப் பேசும் படம் காளிதாஸ் இன்று யாரிடமும் இல்லை. மௌனப் படக் காலத்துத் தமிழகப் படைப்புகள் அநேகமாக முழுதும் போய்விட்டன. இளையராஜாவுக்கு முந்தைய காலத்து இசைத்தட்டுகளில் எத்தனையோ பாடல்கள் இன்று கேட்கக் கிடைப்பது, அவற்றைத் தூசி தட்டிப் பதிந்துவைத்த ரசிகர்களால்தான் என்பதைப் பழைய பாட்டுப் பிரியர் யாரும் மறுக்கமாட்டார்.

உரிமை சட்டத்தில் இருந்தும் கைக்கு எட்டாமல் செய்வது எண்முறைப் பூட்டு. டிவிடியில் இருந்த பூட்டை 1999இல் உடைத்தவர்களில் ஒருவர் பதினைந்து வயது நார்வேச் சிறுவன் யோன் லெக் யோஹான்சன். அமெரிக்க நிறுவனங்களின் புகாரில் வழக்கு நடந்தது. 2003 ஜனவரியில் ஓஸ்லோ நீதிமன்றம் விடுதலை செய்தது, மேல்முறையீட்டிலும் அந்த ஆண்டின் இறுதியில் விடுதலை. தான் வாங்கிய படத்தைத் தான் விரும்பும் கருவியில் பார்க்க ஒருவருக்கு உரிமை உண்டு என்பதே அதன் சாரம். அமெரிக்காவிலோ 1998ஆம் ஆண்டுச் சட்டம் பூட்டை உடைப்பதையே தனிக் குற்றமாக்கியிருக்கிறது. உள்ளே இருப்பது நீங்கள் வாங்கியதுதான் என்றாலும் பொதுவாக விலக்கில்லை. டிவிடிக்குக் காப்புப் பிரதி எடுக்க மென்பொருள் விற்ற 321 ஸ்டுடியோஸ் நிறுவனத்தை 2004இல் இதைக் காட்டித்தான் மூடவைத்தார்கள். பூட்டு போடுபவரின் வெறி எங்கே போய் முடியும் என்பதை 2005இல் சோனி பிஎம்ஜி காட்டியது. சிடியைக் கணினியில் போட்டதும், பிரதி எடுப்பதைத் தடுக்க ஒரு மென்பொருள் திருட்டுத்தனமாக உள்ளே இறங்கி, இயங்குதளத்திலிருந்து தன்னை மறைத்துக்கொண்டது. அந்த மறைவிடத்தைத் தீய நிரல்களும் பயன்படுத்திக்கொண்டன. பாதிக்கப்பட்டவர்கள் அத்தனை பேரும் அசல் சிடியைக் காசு கொடுத்து வாங்கியவர்கள். திருட்டுத் தகடு வாங்கியவரின் கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை.

நம் சட்டம் இதில் அமெரிக்காவைப் பின்பற்றவில்லை என்பது பெரிய ஆறுதல். 65அ பிரிவின்படி, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால்தான் குற்றம், இரண்டு ஆண்டு வரை சிறை. சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத காரியத்துக்காக உடைத்தால் அந்தப் பிரிவு பொருந்தாது என்று அதே பிரிவு சொல்கிறது. சொந்தப் பிரதி மீறல் இல்லை என்னும்போது, அதற்காகப் பூட்டைத் திறப்பதும் குற்றமில்லை என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். ஆனால் ஒரு கொக்கி இருக்கிறது. இன்னொருவருக்காகப் பூட்டைத் திறந்து தருபவர், அவருடைய பெயர், முகவரி, எதற்காகத் திறந்தது என்ற விவரம் எல்லாவற்றையும் பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும். கணினி தெரிந்த இளைஞர் தானே செய்துகொள்வார். தன் கல்யாண நாளில் வாங்கிய பட டிவிடிகளைப் பெண்ணின் கைபேசியில் ஏற்றித் தரச் சொல்லித் தெருமுனைக் கடைக்கு வரும் பெரியவருக்கு, பதிவேடு வைக்கும் கடை எங்கே இருக்கிறது? சிக்கல் வருமோ என்று பயந்து கடைக்காரர் தலையாட்டி மறுப்பார். உரிமை தொழில்நுட்பம் தெரிந்தவருக்கு மட்டும் என்று ஆகிவிடுகிறது.

அந்தப் பதிவேட்டு நிபந்தனையைச் சொந்தப் பிரதி விஷயத்திலாவது நாடாளுமன்றம் நீக்க வேண்டும். இரண்டாவதாக, ரத்தான பிரிட்டிஷ் விதியில் நல்ல வாசகம் ஒன்று இருந்தது. சட்டம் அனுமதிக்கும் சொந்தப் பிரதியைத் தடுக்கும் எந்த ஒப்பந்த நிபந்தனையும் செல்லாது என்றது அது. நம் 52ஆவது பிரிவில் அப்படி ஒரு வரி இல்லை. அதனால்தான் இணையக் கடைகள் 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற ஒரு பொத்தானைத் தட்டவைத்து, 2012இல் நாடாளுமன்றம் தந்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் பார்க்கின்றன. அந்த வரியை அங்கே சேர்க்க வேண்டும். கூடவே, நிரந்தர விற்பனை என்று காசு வாங்கும் எந்தக் கடையும், மூடும்போதோ உரிமம் முடியும்போதோ, வாங்கியவர் பூட்டில்லாத ஒரு பிரதியை இறக்கிக்கொள்ளும்வரை கதவைத் திறந்துவைக்கக் கடமைப்பட்டது என்றும் எழுத வேண்டும். ஃப்ளைட் தன்னிச்சையாகச் சில வாரங்கள் செய்ததைத்தான் மற்றவர்களும் முழுமையாகச் செய்யச் சொல்கிறோம். இந்த மூன்றுக்கும் அரசு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டியதில்லை.